குடல் கசிவுக்கு ஒரு எண்: குரோன், கொலைட்டிஸ் நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

குடலில் நீண்டகால அழற்சியை (வீக்கமும் புண்ணும்) உண்டாக்கும் குரோன் நோய்க்கோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கோ மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சிலர் இப்போது கையில் ஒரு 'லீக்கி கட்' (குடல் கசிவு) ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். பெரும்பாலும் அது ரத்தத்தில் சோனுலின் என்ற புரதத்தின் அளவு. எண் சிவப்பு எழுத்தில் இருக்கும், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. கூடவே குடலைச் சரிசெய்யும் என்று சொல்லி விற்கப்பட்ட பவுடர் டப்பா ஒன்று. அதற்குக் கொடுத்த பணம்கூடப் போகட்டும். அதை வாங்கிய கையோடு அழற்சியை அடக்கும் மெசலமைனையோ அசதயோபிரினையோ நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து மகனோடு வந்த ஒரு அம்மா அப்படியொரு ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"டாக்டர், பையனுக்குக் குடல்ல ஓட்டைன்னு போட்டிருக்காங்க. ஆபரேஷன் பண்ணணுங்களா?"

"ஓட்டை இல்லம்மா. நிஜமாவே ஓட்டை விழுந்திருந்தா வலியில அவனால இப்படி உட்கார முடியாது. ராத்திரி தூக்கத்துல எழுந்து பாத்ரூம் போறானா, அதைச் சொல்லுங்க."

"தினமும் ரெண்டு மூணு தடவை எழுந்துக்கிறான்."

எனக்கு வேண்டிய தகவல் அந்தப் பதிலில்தான் இருந்தது. அழற்சி இல்லாத வெறும் ஐ.பி.எஸ். (குடல் எரிச்சல்) தொந்தரவு பொதுவாகத் தூக்கத்தில் ஆளை எழுப்பாது. அழற்சி எழுப்பும்.

இதற்காகக் குடலின் ஊடுருவுதன்மை (குடல்சுவர் வழியே பொருட்கள் உள்ளே கசியும் தன்மை) என்பதே பொய் என்று நினைத்துவிட வேண்டாம். அது உண்மையான விஷயம். குடலின் உட்சுவரில் உணவுக்கும் ரத்தத்துக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு அடுக்குச் செல்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் புரதங்கள் இறுக்கிப் பிணைத்து வைத்திருக்கின்றன. தண்ணீரும் உப்பும் அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் போய்வரும். பெரிய மூலக்கூறுகளும் பாக்டீரியாவின் துண்டுகளும் அவ்வளவு எளிதில் நுழைய முடியாது. அழற்சி வந்தால் டி.என்.எஃப். போன்ற ரசாயனத் தூதுகள் அந்தப் பிணைப்பைத் தளர்த்துகின்றன. கிளாடின்-2 என்கிற, கசிவுக்கு வழிவிடும் புரதம் கூடுகிறது. புண் ஆன இடத்தில் செல்களே உதிர்ந்துவிடுகின்றன. உள்ளே நுழைந்த பாக்டீரியாத் துண்டுகளைப் பார்த்து எதிர்ப்பு சக்தி இன்னும் சீறுகிறது. அதனால் அழற்சி கூடுகிறது, கசிவும் கூடுகிறது.

கசிவு முதலா, அழற்சி முதலா? ஆராய்ச்சியாளர்கள் இன்னும் இதில் மல்லுக்கட்டுகிறார்கள். 1986-இல் அமெரிக்காவில் ஹாலண்டர் குழுவினர் குரோன் நோயாளிகளின் ஆரோக்கியமான உறவினர்களிடமும் ஊடுருவுதன்மை கூடியிருப்பதாகச் சொன்னார்கள். பின்வந்த ஆய்வுகள் உறவினர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே அதைக் கண்டன. 2020-இல் வெளியான கனடா தலைமையிலான ஜெம் ஆய்வுதான் இதில் வலுவானது. குரோன் நோயாளிகளின் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எந்த நோயும் இல்லாதபோதே பரிசோதித்து, பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஊடுருவுதன்மை கூடுதலாக இருந்தவர்களுக்கே பிற்பாடு குரோன் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. சிலருக்காவது நோய்க்கு வெகு முன்பே கசிவு இருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் கசிவு கூடியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஆய்வுக் காலத்தில் நோய் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, இதை எப்படி அளக்கிறார்கள்? பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் முறை இரட்டைச் சர்க்கரைப் பரிசோதனை. இரவு பட்டினி இருந்து, காலையில் இரண்டு வகைச் சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்க வேண்டும். ஒன்று மானிட்டால், இன்னொன்று லாக்டுலோஸ். ஆமாம், மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற சிரப்பில் இருக்கும் அதே லாக்டுலோஸ்தான். வழக்கமான அளவு லாக்டுலோஸ் 5 கிராம், மானிட்டால் 1 அல்லது 2 கிராம். அப்புறம் சுமார் 5 மணி நேரம் வெளியேறும் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேகரித்து, ஒவ்வொரு சர்க்கரையும் எவ்வளவு வந்திருக்கிறது என்று லேப்பில் பார்ப்பார்கள்.

மானிட்டால் சின்ன மூலக்கூறு, எடை 182. நல்ல குடலில் குடித்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரில் வந்துவிடும். லாக்டுலோஸின் எடை 342. அதில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே போகாது. இரண்டையும் உடல் எரிக்காது, அப்படியே சிறுநீரகம் வெளியேற்றும். குடித்த லாக்டுலோஸில் சிறுநீரில் வந்த பங்கை, மானிட்டாலில் வந்த பங்கால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும், அதுதான் விகிதம். ஜெம் ஆய்வு எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டது 0.03.

ஏன் இரண்டு சர்க்கரை? ஒன்றை மட்டும் கொடுத்தால், வயிறு மெதுவாகக் காலியானாலும், சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும், ஒருமுறை பிடித்த சிறுநீர் சிந்திவிட்டாலும் எண் தப்பாகும். இரண்டையும் இது ஒரே மாதிரி பாதிப்பதால் வகுக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். இந்த யோசனை எனக்கு எப்போதும் பிடித்தமானது. ஊசி இல்லை, குழாய் இல்லை, கைக்குழந்தைக்கும் செய்யலாம்.

ஆனால் வகுத்தலிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. எண் உயர்ந்தால் லாக்டுலோஸ் கூடியிருக்கலாம், அல்லது மானிட்டால் குறைந்திருக்கலாம். குடலில் உறிஞ்சும் விரல் போன்ற மொட்டுகள் குட்டையாகிப் போனால் மானிட்டால் ஏறாது. அப்போது கசிவு கூடாமலே எண் மட்டும் எகிறும். ஆகவே விகிதத்தை மட்டும் அச்சிட்டு, இரண்டு சர்க்கரையின் தனித்தனி அளவைத் தராத ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று, இந்தப் பரிசோதனை காட்டுவது சிறுகுடலை. பெருங்குடலுக்குப் போனதும் இந்த இரண்டு சர்க்கரைகளையும் பாக்டீரியா தின்றுவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ பெருங்குடல் நோய். அதற்கு இந்த 5 மணி நேர எண் பெரிதாக எதுவும் சொல்லாது. பாக்டீரியா தொடாத சுக்ரலோஸைக் கொடுத்து 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்தால் பெருங்குடலும் கணக்கில் வரும். கதிரியக்கக் குரோமியம் சேர்த்த ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொடுத்தும் இதை அளந்திருக்கிறார்கள். எண்டோஸ்கோபியின்போதே, ஊசியில் ஏற்றிய ஃபுளோரசின் சாயம் செல்களின் நடுவே கசிவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குப் புண் ஆறியது போலத் தெரிந்தவர்களில் யாருக்கு நோய் திரும்பும் என்பதை அந்தக் கசிவு நன்றாகவே கணித்தது. எதிர்காலத்தில் நோயாளிகளுக்குப் பயன்படப்போவது இந்த மாதிரி வேலை என்று நம்புகிறேன்.

சோனுலினுக்கு இந்த வரிசையில் இடம் கொடுக்க என்னால் முடியவில்லை. சோனுலின் என்ற புரதம் இருக்கிறது, செல் பிணைப்பைத் தளர்த்துவதில் அதற்குப் பங்கு உண்டு என்ற ஆய்வுகளும் உண்டு. சிக்கல் அதை அளக்கும் பரிசோதனைக் கிட்டில். கடையில் கிடைக்கும் கிட்டுகளைச் சோதித்தவர்கள் 2018 முதல் சொல்லிவருவது, அவை பிடிப்பது சோனுலினையே அல்ல, வேறு புரதங்களை என்பது. எதை அளந்தது என்றே உறுதியில்லாத எண்ணைப் பார்த்து யாருடைய மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அடுத்ததை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குடலின் உறிஞ்சும் திறனைப் பற்றி உலகம் கற்ற பாடத்தில் கணிசமான பகுதி நம் வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில் இங்கே வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற, குடல் சத்தை உறிஞ்ச முடியாமல் போகும் நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, உடல் இளைப்பு, ஃபோலிக் அமிலமும் பி12-உம் குறைந்து ரத்தசோகை. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். அப்போது நோய் எதுவும் இல்லாதவர்களின் குடலையும் பார்த்தார்கள். அவர்களுக்கும் உறிஞ்சும் மொட்டுகள் குளிர்நாட்டுக்காரர்களுடையதைவிடக் குட்டையாக இருந்தன. சர்க்கரை உறிஞ்சும் அளவும் குறைவு.

இது பிறவியில் வருவது அல்ல. 1960-களில் பாகிஸ்தானுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களுக்கும் குடல் இப்படியே மாறியது, ஊர் திரும்பியதும் தேறியது. தண்ணீர், கழிவு, அடிக்கடி வரும் கிருமித் தொற்று இவையே காரணம் என்று கருதப்படுகிறது. 1999-இல் பல நாட்டு ஆரோக்கியமானவர்களை ஒப்பிட்ட ஆய்விலும், வெப்பநாடுகளில் வாழ்பவர்களுக்கு இந்தச் சர்க்கரை விகிதம் கூடுதலாகவே இருந்தது. 2009-இல் தொடங்கி எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வில் வேலூரின் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் லாக்டுலோஸ், மானிட்டால் கொடுத்துச் சிறுநீர் பிடித்துப் பார்த்தார்கள்.

அதனால் கனடாவில் போட்ட 0.03 என்ற கோட்டை வேலூர் சத்துவாச்சாரியில் வசிப்பவருக்கு அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. ஒப்பிட வேண்டுமானால் இதே ஊரில், இதே தண்ணீரைக் குடித்து, நோயில்லாமல் இருப்பவர்களோடு ஒப்பிட வேண்டும். அல்லது அதே நோயாளியின் பழைய எண்ணோடு. ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'இயல்பு அளவு' என்று அச்சிட்டிருப்பது யாரை வைத்து எடுத்தது என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவ ஆய்வுக்காக யாராவது உங்களுக்கு முறையாக இந்தப் பரிசோதனை செய்தால் சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். லாக்டுலோஸ் சிரப் குடிக்கிறீர்களா, முந்தின நாள் காளானோ சர்க்கரை இல்லாத சூயிங்கமோ சாப்பிட்டீர்களா என்பது முக்கியம், அவற்றில் மானிட்டால் இருக்கலாம். வேலூர் வெயிலில் சிறுநீர் பாட்டிலை வெளியே வைத்தால் கிருமி பெருகிச் சர்க்கரையைத் தின்றுவிடும். கிருமி வளராமல் மருந்து போட்ட பாட்டில்தானா, குளிரில் வைக்கிறார்களா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், இண்டோமெதசின் வகை மாத்திரைகள் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் குடலின் ஊடுருவுதன்மையைக் கூட்டிவிடும். இங்கே இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீடி சுற்றும் பெண்களுக்குக் கழுத்தும் முதுகும் வலிக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்குக் கால் வலி. மெடிக்கலில் போய் "மூட்டுவலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்கண்ணா" என்றால் பெயர்கூட எழுதாத கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். குரோன், கொலைட்டிஸ் நோய்களே மூட்டுவலியைக் கொண்டுவரும். அந்த வலிக்கு இந்த மாத்திரை, அதனால் சிலருக்குக் குடல் நோய் கிளம்புதல். மலத்தில் ரத்தம் திரும்ப வந்திருக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தக் கவரைப் பற்றித்தான். காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் அளவோடு பாராசிட்டமால் பரவாயில்லை. மூட்டு வீங்கினால் எங்களிடம் சொல்லுங்கள், அதற்கு வேறு வழி இருக்கிறது. மதுவும் கசிவைக் கூட்டும். பீடி, சிகரெட் குரோன் நோயை மோசமாக்கும்.

இப்போதைக்கு உங்கள் சிகிச்சையை நகர்த்தும் பரிசோதனைகள் வேறு. மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு 50-க்குக் கீழே இருந்தால் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு, 250-ஐத் தாண்டினால் நோய் விழித்திருக்கிறது என்று சந்தேகிப்போம். வலி மாத்திரை இதையும் உயர்த்தும். அப்புறம் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவு, தேவைப்படும்போது கொலோனோஸ்கோபியும் திசுப் பரிசோதனையும், சிறுகுடலுக்கு ஸ்கேன். நம் நாட்டில் இன்னொரு கேள்வியைத் தாண்டாமல் எதையும் தொடங்க முடியாது: இது குரோனா, குடல் காசநோயா? இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தில், அதே மாதிரிப் புண்ணோடு வரும். கசிவுப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. காசநோய்க்காரருக்குக் குரோன் என்று நினைத்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டோ இன்ஃபிளிக்ஸிமாபோ கொடுத்துவிட்டால் ஆபத்து.

"என் தம்பிக்கும் இந்த டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?" என்று அந்தப் பையனே கேட்டான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். எண் கூடுதலாக வந்தாலும் அதற்கென்று கொடுக்க நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று எங்களிடம் இல்லை. வீட்டில் ஒரு பயம்தான் மிஞ்சும். தம்பி புகைபிடிக்காமல் இருக்கட்டும். எடை காரணமில்லாமல் குறைந்தாலோ, வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு நீடித்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஆசனவாயில் சீழ்க்கட்டி வந்தாலோ, வளரும் வயதில் உயரம் ஏறாமல் நின்றாலோ தள்ளிப்போடாமல் கூட்டிவாருங்கள். வரும்போது பழைய கொலோனோஸ்கோபி ரிப்போர்ட், திசுப் பரிசோதனை ஸ்லைடு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரைகளின் அட்டை, நாட்டு மருந்து, பவுடர் டப்பா என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். நடுவில் எங்களைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.