கரித்தடம்: ‘கார்பன் ஃபுட்பிரிண்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

போன மாதம் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். வீட்டின் ‘கார்பன் ஃபுட்பிரிண்ட்’டைக் கணக்குப் போட்டு வரவேண்டுமாம். கரண்ட் எத்தனை யூனிட், சிலிண்டர் எத்தனை, பெட்ரோல் எத்தனை லிட்டர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, “என்னடி அது?” என்று கேட்டார்.

“கார்பன்னா கரி. ஃபுட்பிரிண்ட்னா கால்தடம், பாட்டி.”

“கரியை மிதிச்சுட்டு வீட்டுக்குள்ள நடந்தா தரையில பதியுமே, அதுவா?”

அப்படி இல்லை என்று சொல்ல மகள் வாயெடுத்தாள். எனக்கு என்னவோ அம்மா சொன்ன படம்தான் மனதில் ஒட்டிக்கொண்டது.

முதலில் பொருள். ஒரு ஆள், ஒரு வீடு, ஒரு ஆலை, ஒரு நாடு, ஏன், ஒரு சட்டைகூட இருக்கலாம். அது உண்டாவதாலும் இயங்குவதாலும் காற்றில் சேர்கிற, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் மொத்த எடைதான் கார்பன் ஃபுட்பிரிண்ட். கிலோவிலோ டன்னிலோ சொல்வார்கள். பெயரில் கார்பன் இருந்தாலும் மீத்தேன் போன்றவையும் கணக்கில் உண்டு. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், கிட்டத்தட்ட 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகச் சூடேற்றும். தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் அது குறையும். நம் விவசாயிகள் இதைக் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். எவ்வளவு அழகான சொல்!

தடம் என்றால் ஒரு பரப்பு. அதை ஏன் எடையில் சொல்கிறார்கள்? அதற்குச் சொல்லின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகலும் ‘சூழலியல் தடம்’ என்ற கருத்தை உருவாக்கினார்கள். ஒரு ஊர் சாப்பிடுவதற்கும் எரிப்பதற்கும் கொட்டுவதற்கும் எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை ஹெக்டேரில் சொல்லும் கணக்கு அது. அங்கே ‘தடம்’ என்ற சொல் அப்படியே பொருந்தியது. அதிலிருந்து கார்பனை மட்டும் பிரித்தெடுத்தபோது பரப்பு எடையாகிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அதை ஊரெல்லாம் பரப்பியது ஒரு எண்ணெய் நிறுவனம். சொல் அதற்கு முன்பே அங்கங்கே எழுத்தில் வந்திருந்தது என்றாலும், 2004-05 வாக்கில் பிபி நிறுவனம்தான் பெரிய விளம்பரங்கள் வழியாகவும், அவரவர் தடத்தை அவரவரே கணக்கிடும் இணையக் கருவி வழியாகவும் அதைச் சாமானியர்களின் வாய்க்குக் கொண்டுபோனது. 2007இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அதைப் பிரிட்டனின் ஆண்டுச் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணெய் எடுத்து விற்பவர், வாங்கி எரிப்பவரைப் பார்த்து ‘உன் தடம் எவ்வளவு?’ என்று கேட்ட கேள்வி அது. இந்த வரலாறு தெரிந்த பிறகு, இந்தச் சொல்லைத் தமிழாக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்று தோன்றியது.

சரி, தமிழுக்கு வருவோம். கார்பன் தடம், கரிமத் தடம், கரிம அடிச்சுவடு, கார்பன் கால்தடம் என்று பலவாறு எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் கார்பன், ‘காபன்’ ஆகும்.

‘அடிச்சுவடு’ எனக்கு ஒட்டவில்லை. பெரியவர்களின் அடிச்சுவட்டில் நடப்போம் என்று மேடையில் கேட்டுக் கேட்டு அதில் ஒரு மரியாதை ஏறிவிட்டது. பின்பற்ற வேண்டியதைத்தான் அடிச்சுவடு என்கிறோம். இதுவோ குறைக்க வேண்டியது. ‘தடம்’ அப்படியல்ல. வண்டித்தடம், ஒற்றையடித்தடம், பேருந்தின் தடம் எண் என்று நாள்தோறும் புழங்குகிற சொல். புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. ஏதோ ஒன்று இந்த வழியாகப் போயிருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதுவே போதும்.

‘கரிமம்’ வேதியியலில் சரியான சொல்தான். ஆனால் கரிம வேதியியல், கரிம உரம் என்றெல்லாம் பழகியதால், ‘கரிமத் தடம்’ என்றதும் ரசாயனம் போடாத விவசாயத்தைப் பற்றியது போலிருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் புரியவும் புரியாது.

‘கரி’ புரியும். கார்பன் என்ற பெயரே கரியிலிருந்து வந்ததுதான். 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியேவும் அவருடைய கூட்டாளிகளும் தனிமங்களுக்குப் புதுப்பெயர் சூட்டியபோது, லத்தீனில் கரியைக் குறிக்கும் ‘கார்போ’விலிருந்து ‘கார்போன்’ என்று வைத்தார்கள். கார்போ, கரி என்ற ஒலி ஒற்றுமையை வைத்து இரண்டும் ஒரே வேர் என்று சொல்லிவிடக் கூடாது. நம்முடையது கரு, கருமை, கரிய, கரிசல் என்று போகிற குடும்பம். நம் பழைய பாடப்புத்தகத்துக் ‘கரியமில வாயு’வும் இங்கிருந்து வந்ததே. அந்த வாயுவைக் கார்பானிக் அமில வாயு என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அழைத்தார்கள். கரி, அமிலம், வாயு என்று அதைத் துண்டு துண்டாக நம்மவர் தமிழாக்கினார்கள். அமிலம் என்ற பேச்சு அங்கே எப்போதோ போய்விட்டது, நம்மிடம் இன்னும் இருக்கிறது.

கரிக்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. பழந்தமிழில் கரி என்றால் சாட்சி. ‘ஐந்தவித்தான் ஆற்றல் அகல்விசும்பு ளார்கோமான் இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் வருவது அந்தக் கரிதான். புலனடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனே போதுமான சாட்சி என்கிறார் வள்ளுவர். சிலப்பதிகாரத்தில் பூதம் பிடித்துத் தின்னும் கூட்டத்தில் ‘பொய்க்கரியாளர்’ வருகிறார்கள், பொய்ச்சாட்சி சொல்பவர்கள். பேருக்கு நாலு மரம் நட்டுவிட்டு ‘நாங்கள் பசுமை நிறுவனம்’ என்று விளம்பரம் செய்வதைப் ‘பசுமைப் பூச்சு’ என்று எழுதுகிறார்கள். பொய்க்கரி என்றால் இன்னும் சுருக்கென்று இருக்கும்.

ஆக, என் வாக்கு ‘கரித்தடம்’ என்பதற்கு. அடுப்புக்கரி, நிலக்கரி, சாட்சி மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. யானைக்கும் கரி என்று பெயர் உண்டு. யானையின் தடமும் எறும்பின் தடமும் ஒன்றல்ல என்பதையும் அந்தச் சொல் நினைவூட்டினால் நல்லதுதான்.

அப்புறம் மகளும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடியிருந்தது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால் 266 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்திருந்தது. கிலோவுக்கு மூன்று கிலோ என்று கிட்டத்தட்ட 42. ஸ்கூட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 46.

இங்கே மகள் நிறுத்தினாள். “ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கிலோகூட இல்லையேப்பா, அதுலேருந்து எப்படி ரெண்டு கிலோவுக்கு மேல வரும்?” நல்ல கேள்வி. எரியும்போது பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராமாகிறது. கூடுதல் எடை நாம் மூச்சுவிடும் காற்றிலிருந்து எடுத்தது. அவள் அதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

மொத்தம் 354 கிலோ. நான்கு பேருக்கு வகுத்தால் தலைக்கு 88 கிலோ சொச்சம். இதில் நாலில் மூன்று பங்கு கரண்ட். புகை வரும் அடுப்பும் ஸ்கூட்டரும் மீதிக் கால்பங்குக்குள் அடங்கிவிட்டன. முன்பெல்லாம் எங்கள் வீட்டில் விறகடுப்பு. பானையின் அடியில் கரி பிடித்திருக்கும், அடுப்புக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கருத்திருக்கும். அம்மா சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் கறுத்துக் கிடப்பார். எரித்தவர் கையிலேயே கரி இருந்தது. இப்போது சுவிட்சைப் போட்டால் சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. அதற்கான கரி எண்ணூரிலும் நெய்வேலியிலும் எரிகிறது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. நாம் மிதித்த கரி அடுத்தவர் வீட்டுத் தரையில் பதிகிறது.

அதனால்தான் ‘உன் தடம் எவ்வளவு?’ என்ற கேள்வியோடு ‘எங்கே பதிகிறது, யார் எரிக்கிறார்கள்?’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்கிறேன். சோலார் மின்சாரத்துக்கும் தடம் உண்டு. பலகை செய்யவும் ஏற்றி வரவும் எரிபொருள் வேண்டுமே. ஆனால் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014இல் தொகுத்த கணக்குப்படி, ஆயுள் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் நிலக்கரி மின்சாரத்தில் யூனிட்டுக்கு 820 கிராம், மாடிச் சோலாரில் 41 கிராம். இருபதில் ஒரு பங்கு. எனக்கும் போட ஆசைதான். நாங்கள் இருப்பது வாடகை வீடு, மொட்டைமாடி எங்களுடையதல்ல. 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது என்று வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். “கரண்ட் பில் நீங்கதானே கட்டுறீங்க” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஃபேனை நிறுத்துவது என் கையில் இருக்கிறது. மாடியில் பலகை போடுவது அவர் கையில். எண்ணூரில் என்ன எரிய வேண்டும் என்பது எங்கள் இருவர் கையிலும் இல்லை, அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

தாளின் தலைப்பில் மகள் ‘எங்கள் வீட்டுக் கரித்தடம்’ என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் ‘குறைக்க நீங்கள் செய்யப்போவது என்ன?’ என்று கேட்டிருந்தது. மூன்று வரி எழுதினாள்: வெளியே போகும்போது விளக்கு, ஃபேன் நிறுத்துவேன். பள்ளிக்கு பஸ்ஸில் போவேன். வீட்டுக்காரத் தாத்தாவிடம் சோலார் போடச் சொல்லி நானே கேட்பேன்.