ஆன்லைன் சர்டிபிகேட் வாங்கினா யூதர் ஆயிட முடியாதுங்க

இந்த மாசமும் ஒருத்தர் சர்டிபிகேட்டோட வந்துட்டார். ரப்பின்னு, அதாவது யூத மதகுருன்னு, சொல்லிக்கிட்ட யாரோ ஒருத்தர் ஜூம்ல சில வாரம் பாடம் எடுத்து, பணத்த வாங்கிக்கிட்டு, தங்கக் கலர்ல பார்டர் போட்டு ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கார். இவர் அத நம்பி சினகாக்ல, அதாவது யூதர்களோட தொழுகைக் கூடத்துல, உறுப்பினரா சேரப் போக, அங்க இருந்த ரப்பி இத ஏத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டார். வளர்ந்த மனுஷன் என் முன்னாடி உக்காந்து அழறார். யூத மதத்துக்கு மாற வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கறதுதான் என் வேலை, இந்த மாதிரி நிறைய பேரப் பாத்துட்டேன், அதனால கொஞ்சம் கோவமாவே எழுதறேன்.

இதுக்கெல்லாம் அடிப்படைல ஒரே ஒரு தப்பான எண்ணம்தான் இருக்கு. "எனக்கு மனசார நம்பிக்கை வந்துடுச்சு, அப்போ நான் யூதர்தானே, மிச்சமெல்லாம் பேப்பர் வேலை"ன்னு நினைக்கிறாங்க. இல்லைங்க. நம்பிக்கைய மட்டும் அறிக்கை பண்ணா உள்ள வந்துடலாம்ங்கறது வேற மதங்கள்ல இருக்கலாம், இங்க அப்படி இல்ல. இது ஒரு மக்கள் கூட்டத்துல போய்ச் சேர்றது. பைபிள்ல வேற இனத்துல பிறந்த ரூத் தன் மாமியார் நகோமிகிட்ட என்ன சொன்னா? "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்", அதுக்கப்புறம்தான் "உம்முடைய தேவன் என்னுடைய தேவன்". மொதல்ல ஜனம். அந்த ஜனம் உங்களப் பாக்கணும், பழகணும், ஏத்துக்கணும். அதனாலதான் மூணு பேர் உக்கார்ற பெத் தின்னு ஒரு மத நீதிமன்றம் இருக்கு. நீங்க தனியா ரூம்ல உக்காந்து எத்தன புக் படிச்சாலும், எவ்ளோ உருகினாலும், அந்த மூணு பேர் முன்னாடி நின்னு கட்டளைகள ஏத்துக்காம மாற்றம் நடக்காது.

அடுத்தது மிக்வேங்கற சடங்குக் குளத்துல முங்கணும். இதையும் சிலர் வீட்டு பாத்டப்ல முடிச்சுட்டு வீடியோ அனுப்பறாங்க, பாத்தா எனக்கு வயிறு எரியுது. மிக்வே தண்ணி மழைல இருந்தோ ஊத்துல இருந்தோ தானா சேர்ந்த தண்ணியா இருக்கணும், கடல், ஆறு கூட சில நிபந்தனையோட சரி, குழாய்த் தண்ணிய டப்ல ரொப்பினா மிக்வே ஆகாது. ஆம்பளைங்களுக்கு விருத்தசேதனமும் உண்டு, ஏற்கனவே ஆஸ்பத்திரில பண்ணியிருந்தா ஒரு சொட்டு ரத்தம் எடுக்கற சடங்கு இருக்கு. ரப்பிகிட்ட பேசறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் போய்டாதீங்க.

இன்னொரு புலம்பல், "ரப்பி பதிலே போடல, என்னத் தட்டிக் கழிக்கிறார்". மனசு கஷ்டப்படாதீங்க. வர்றவங்ககிட்ட "இந்த ஜனம் படற பாடு தெரியுமா, தெரிஞ்சும் ஏன் வர்ற"ன்னு கேக்கச் சொல்லி யூதச் சட்ட நூலான தல்முத்லயே இருக்கு. நகோமி கூட ரூத்த திரும்பிப் போன்னுதான் சொன்னா. அது மட்டும் இல்ல, கடவுளுக்குப் பிடிச்சவரா வாழ யூதராகியே ஆகணும்னு யூத மதமே சொல்லல, எல்லா மனுஷங்களுக்கும் பொதுவான நோவாவோட ஏழு அடிப்படைக் கட்டளைகள கடைப்பிடிச்சா போதும். வகுப்புல மொத நாளே நான் இதத்தான் சொல்றது. இதக் கேட்டு நிம்மதியா வீட்டுக்குப் போனவங்களும் இருக்காங்க, அதுவும் நல்ல முடிவுதான்.

அதுக்கப்புறமும் வேணும்னா சரி, எங்க ஆரம்பிக்கறது? சர்டிபிகேட்ல இல்ல, சினகாக்ல. மொதல்ல போன் இல்லனா மெயில் பண்ணுங்க, சொல்லாம கொள்ளாம பையத் தூக்கிட்டுப் போய் வாசல்ல நிக்காதீங்க, பாதுகாப்புக் கெடுபிடி ஜாஸ்தி, அதுக்குக் காரணமும் இருக்கு. சபாத், அதாவது வாராந்திர ஓய்வு நாள் தொழுகைக்கு உள்ள விட்டா மொபைல வெளிய எடுக்காதீங்க. தெரியாததக் கேளுங்க, யாரும் கடிக்க மாட்டாங்க. கூடவே ஹீப்ரு எழுத்து கத்துக்கோங்க, 22 தான், பயப்படாதீங்க. பண்டிகை எல்லாத்தையும் ஒரு சுத்து வாழ்ந்து பாக்கணும்னு பொதுவா ஒரு வருஷமாவது ஆகும், பழைய சட்டத்த கறாரா பின்பற்றற ஆர்த்தடாக்ஸ் பிரிவுல இன்னும் கூட இழுக்கும். சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்னு எவனாவது சொன்னா அங்கேயே எந்திரிச்சுடுங்க.

எந்தப் பிரிவுங்கறத ஆரம்பத்துலயே யோசிங்க, இதுல ஏமாந்து போறவங்க ரொம்ப. அவ்ளோ கறார் இல்லாத ரிஃபார்ம், கன்சர்வேடிவ் பிரிவுகள் வழியா மாறினா ஆர்த்தடாக்ஸ்காரங்க பொதுவா ஏத்துக்க மாட்டாங்க. இஸ்ரேல் கதை இன்னும் சிக்கல். யூதர்கள் அங்க குடியேறி குடியுரிமை வாங்க வழி விடற திரும்பி வரும் உரிமைச் சட்டம் 1950ல வந்தது, 1970 திருத்தத்துல மதம் மாறினவங்களையும் யூதர்னு சேத்தாங்க, இஸ்ரேலுக்குள்ளயே ரிஃபார்ம், கன்சர்வேடிவ் வழியா மாறினவங்களுக்கும் குடியுரிமை உண்டுன்னு 2021ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா அங்க யூதக் கல்யாணம் தலைமை ரப்பிகள் அமைப்பு கைல இருக்கு, ஆர்த்தடாக்ஸான அவங்க கணக்கு வேற. குடியுரிமை கிடைச்சுட்டா கல்யாணமும் நடந்துடும்னு நினைக்காதீங்க. அதனால பெத் தின்ல உக்காரப் போற மூணு பேர் யாரு, அவங்க கையெழுத்த யார் யார் ஏத்துப்பாங்கன்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. கேட்டா கோவப்படற ஆள்கிட்ட போகவே போகாதீங்க.

காதலிச்சவங்களுக்காக மாற வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஆளு கோஹன், அதாவது ஆசாரியர் வம்சமான்னு மொதல்லயே கேட்டுடுங்க. மதம் மாறின பொண்ண கோஹன் கட்டிக்கறத ஆர்த்தடாக்ஸ் சட்டம் அனுமதிக்கறதில்ல. ரெண்டு வருஷம் படிச்சு முடிச்சப்பறம் இது தெரிஞ்சு ஒடஞ்சு போன பொண்ணுக்கு ஆறுதல் சொல்ல என்கிட்ட வார்த்தை இல்ல. வீட்டுல அப்பா அம்மாகிட்டயும் மறைக்காதீங்க. பெத் தின்ல குடும்பத்தப் பத்திக் கேக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அப்போ முழிக்கக் கூடாது.

பிடிஎஃப் வாங்கினவங்களுக்கும் கதவு மூடிடல. படிச்சது வீணாகாது, ஆனா ஒரு நிஜ ரப்பிகிட்ட நடந்தத அப்படியே சொல்லி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மெயில் நாலு வரி போதும்: நீங்க யாரு, ஏன் இந்த எண்ணம் வந்துச்சு, இதுவரைக்கும் என்ன பண்ணீங்க, தொழுகைக்கு வந்து பாக்கலாமா. பதில் வரலனா ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப அனுப்புங்க.