'பகிரப்பட்ட சேவை' வேண்டாம், 'கூட்டுச் சேவை' போதும்

தருமபுரியில் அரசு ஊழியர்களுக்குக் கொடுத்த பயிற்சிக் கையேட்டில் மறுபடியும் அதே சொல்: 'பகிரப்பட்ட சேவைகள்'. ஷேர்டு சர்வீசஸ் என்பதற்குத் தமிழாம். பக்கத்துக்குப் பக்கம் இதைப் படித்துச் சலித்துவிட்டது.

துறைக்குத் துறை தனித்தனியே பார்த்துவந்த சம்பளப் பட்டியல், கணக்கு, கொள்முதல் வேலைகளை ஒரே மையம் எல்லாத் துறைக்கும் செய்துகொடுப்பதுதான் ஷேர்டு சர்வீசஸ். பெருநிறுவனங்களிலிருந்து அரசுகளுக்கு வந்த முறை.

பகிர் என்பதன் வேர் பகு. பகுதி, பங்கு எல்லாம் அந்த வழி. பிரிப்பதுதான் அடிப்படைப் பொருள். பாலக்கோட்டில் 'பகிரப்பட்ட நிலம்' என்று சொல்லிப் பாருங்கள், பாகம் பிரித்தாயிற்று என்றுதான் கேட்பவர் நினைப்பார். பிரிக்காமல் எல்லோர் பெயரிலும் இருந்தால் அது கூட்டுப் பட்டா. இங்கே நடப்பதோ பிரிப்பு அன்று, சேர்ப்பு. போதாக்குறைக்கு அந்தப் 'பட்ட' வேறு. ஆங்கிலப் பெயரெச்சம் எதைக் கண்டாலும் 'பட்ட' ஒட்டிவிடுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

'படம் பகிர்ந்தேன் என்கிறோமே' என்பார்கள். அங்கே ஒருவரிடம் இருப்பது பலரிடம் போகிறது. இங்கே பல இடத்து வேலை ஓரிடத்துக்கு வருகிறது, திசையே வேறு. 'பொதுச் சேவை' என்போரும் உண்டு. அது மக்களுக்கான சேவை என்றாகிவிடும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஓரிடத்தில் சுத்திகரித்த காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் போகிறது. அதைப் 'பகிரப்பட்ட குடிநீர்' என்று யார் சொன்னார்கள்? கூட்டு என்றால் இங்கே எல்லோருக்கும் விளங்கும்.

பகிர்வு என்று எழுதினால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதோடு பேச்சு நின்றுவிடும். கூட்டு என்றால்தான் சேர்க்க என்ன செலவு, சேர்த்ததில் என்ன மிச்சம் என்று கேட்கத் தோன்றும். கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. பிரிட்டனில் ஐந்து கூட்டுச் சேவை மையங்களுக்கு 90 கோடி பவுண்டு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். 140 கோடி ஆகியிருந்ததை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2012-இல் எடுத்துக்காட்டியது. மேற்கு ஆஸ்திரேலியா 2011-இல் தன் மையத்தையே கலைக்க முடிவெடுத்தது.

கையேடு சொல்லும் 'செலவு-நன்மைப் பகுப்பாய்வு' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. நன்மையை எப்படி அளப்பது? 'செலவு-பலன் கணக்கு' என்றால் எழுத்தருக்கும் புரியும். அந்தக் கணக்கில் சேர்ப்பதற்கு முன் ஒரு சம்பளப் பட்டியலுக்கு என்ன செலவானது என்பது முதல் வரியாக இருக்கவேண்டும். மென்பொருள், பயிற்சி, ஆள்மாற்றம் எல்லாம் செலவுப் பக்கம் வரவேண்டும். மையத்தில் குறைந்த வேலை தலைமையாசிரியர் தலையில் கணினிப் பதிவாக விழுந்தால் அதை மிச்சம் என்று காட்டக் கூடாது. அடுத்த கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன் கருவூலத்தில் வேலை பார்க்கும் ஓர் எழுத்தரிடமாவது படித்துக்காட்டுங்கள்.