கையடக்க கன்சோலில் முதல் வெப் ரிக்வெஸ்ட்: பதில் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்

கையில் வைத்து விளையாடும் பழைய கன்சோல் ஒன்றில், நாமே எழுதிய நிரல் இணையத்திலிருந்து ஒரு வரியைக் கொண்டுவந்து திரையில் காட்டும்போது கிடைக்கும் மகிழ்ச்சியே தனி. நெட்வொர்க் புரோகிராமிங் கற்க வருகிறவர்களை நான் இந்தப் பக்கம் அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். கணினியில் ஒரே வரியில் முடிந்துவிடும் வேலையை இங்கே படிப்படியாக நாமே செய்ய வேண்டும். அப்போதுதான் உள்ளே நடப்பது புரியும்.

இப்படிக் கற்றுக்கொள்கிறவர்களின் நிரல்களைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதும் என் வேலைதான். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்று: பதில் திரையில் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பதிலை யார் அனுப்பியது, எவ்வளவு அனுப்பினார்கள் என்று நிரல் கேட்பதே இல்லை.

ரிக்வெஸ்ட், அதாவது ஒரு கோப்பைத் தரும்படி சர்வருக்கு (கோப்புகளைத் தரும் கணினிக்கு) அனுப்பும் செய்தி, எழுதுவதில் பெரிய கஷ்டம் கிடையாது. அது வெறும் எழுத்துதான். முதல் வரியில் கெட் என்ற சொல், கோப்பின் பாதை, எச்டிடிபி (இணையத்தில் கேட்கவும் பதில் சொல்லவும் உள்ள விதிமுறை) பதிப்பு. அடுத்த வரியில் ஹோஸ்ட் என்று போட்டு சர்வரின் பெயர். அப்புறம் ஒரு வெற்று வரி. ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளில் முடியும். ஆகவே ரிக்வெஸ்டின் கடைசி நான்கு பைட்டுகள் 13, 10, 13, 10 என்று இருக்க வேண்டும். கடைசி இரண்டை விட்டுவிட்டால், இன்னும் ஹெடர் (ரிக்வெஸ்டின் விவர வரி) வரப்போகிறது என்று சர்வர் காத்திருக்கும், பதில் வரும் என்று கன்சோல் காத்திருக்கும். திரை அப்படியே நிற்கும். வைஃபைதான் கோளாறு என்று எண்ணி ரவுட்டரைப் போய்த் திருகுகிறவர்கள் உண்டு.

பதிப்பு எண்ணை ஆரம்பத்தில் 1.0 என்றே போடுங்கள். 1.1 என்று போட்டால், சர்வர் பதிலைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தைப் பதினாறடிமான எண்ணில் எழுதி அனுப்பலாம். அதைப் பிரிக்கத் தெரியாத நிரலில் அந்த எண்கள் பதிலின் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பதிலை வாங்கும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். 2004-இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ்ஸின் முதன்மை நினைவகம் 4 எம்பி. ஹோம்பிரூ நிரல் (நாமே எழுதி ஓட்டும் நிரல்) தன் நினைவகத்தைத் தானே அழித்துக்கொண்டாலும் பிடித்து நிறுத்த அதில் முழு இயங்குதளம் கிடையாது. வந்த பைட்டுகளை வாங்கித் தரும் ரிசீவ் ஃபங்ஷனை ஒருமுறை அழைத்தால் முழுப் பதிலும் வந்துவிடும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்களை நிறையப் பார்க்கிறேன். பதில் பாக்கெட் என்னும் சிறு பொட்டலங்களாகத்தான் வரும்; ஒரு பாக்கெட்டில் பொதுவாக 1,460 பைட்டுகளுக்கு மேல் வராது. சிறிய கோப்பை வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக ஓடும், பெரிய கோப்பு வந்தால் பாதியில் அறுந்து நிற்கும். எனவே ரிசீவ் 0 தரும்வரை, அதாவது சர்வர் இணைப்பை முடிக்கும்வரை, சுற்றில் வாங்க வேண்டும். அது எதிர்ம எண் தந்தால் அது பிழை, நீளம் அல்ல. பிழை எண்ணையே நீளமாக எடுத்துக்கொண்டு, பஃபருக்கு (பதிலை வாங்கி வைக்கும் நினைவக இடத்துக்கு) முன்னால் உள்ள இடத்தில் போய் எழுதும் நிரல்கள் இருக்கின்றன.

இன்னொன்றும் அடிக்கடி வரும். பஃபர் 256 பைட். ரிசீவிடம் 256 பைட் கேட்பார்கள். பிறகு சரத்தை முடிக்க ஒரு சுழியம் வைப்பார்கள். அந்தச் சுழியம் 257-ஆவது இடத்தில், வேறொரு மாறியின் தலையில் விழும். 255 கேட்டிருந்தால் போதும். சர்வர் சொல்லும் கன்டென்ட்-லென்த்தையும் (பதிலின் நீளத்தையும்) அப்படியே நம்பி நினைவகம் ஒதுக்காதீர்கள். உங்கள் நிரலுக்கு அதிகபட்சம் எவ்வளவு தேவை என்று நீங்களே ஒரு வரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

அடுத்தது எச்டிடிபிஎஸ், அதாவது மறைகுறியாக்கத்தோடு வரும் எச்டிடிபி. என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது இதுதான். 3டிஎஸ் போன்ற கன்சோல்களுக்குக் கிடைக்கும் மாதிரி நிரல்களில், சான்றிதழ் சரிபார்ப்பை (சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றைச் சோதிப்பதை) அணைக்கும் ஒரு வரி இருக்கும். அதைச் சேர்த்ததும் இணைப்பு கிடைத்துவிடுகிறது, அந்த வரி நிரலிலேயே தங்கிவிடுகிறது. மறைகுறியாக்கம் அப்போதும் இருக்கும், ஆனால் யாரோடு பேசுகிறோம் என்பது தெரியாது. அதே வைஃபையில் உள்ள ஒருவர் நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டினாலும் கன்சோல் ஏற்றுக்கொள்ளும். நிரல் தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளும் வசதியை இப்படி எழுதினால், அந்த ஆள் அனுப்பும் நிரல் உங்கள் பயனர்களின் கன்சோலில் ஓடும்.

அணைக்க வேண்டிய நிலை ஏன் வருகிறது? மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையாக இருப்பவை மூலச் சான்றிதழ்கள்; பழைய கன்சோலில் இருக்கும் அவையும் பழையவை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குப் பின்னணியாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானபோது, பழைய சாதனங்கள் பல ஒரே நாளில் தடுமாறின. அதே ஆண்டு மார்ச்சில், எச்டிடிபிஎஸ்ஸின் மறைகுறியாக்க விதிமுறையான டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகள் 1.0, 1.1 இரண்டும் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. கன்சோலோடு வந்ததை நம்பாமல், டெவ்கிட்புரோ (கன்சோல் நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) தரும் கர்ல், எம்பெட் டிஎல்எஸ் என்னும் இணைய இணைப்பு லைப்ரரிகளைச் சேர்த்து, தேவையான மூலச் சான்றிதழை நிரலோடு வைத்து அனுப்புங்கள். அதற்கும் முன்னால் கன்சோலின் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், நல்ல சான்றிதழும் இன்னும் செல்லுபடியாகாததாகவே தெரியும்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக. டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டுக்கும் டபிள்யூஇபி (வைஃபையின் பழைய பாதுகாப்பு முறை) அல்லது பாஸ்வேர்டே இல்லாத நெட்வொர்க்தான் தெரியும். டபிள்யூஇபியை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது. அதற்காக வீட்டு ரவுட்டரின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டாம். மற்ற கருவிகளைத் தொட முடியாதபடி தனி நெட்வொர்க் ஒன்றைச் சோதனை நேரத்துக்கு மட்டும் திறந்து, முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

ஏபிஐ சாவியை (ஓர் இணையச் சேவையைப் பயன்படுத்த உங்களுக்குத் தரப்படும் ரகசியக் குறியீட்டை) நிரலுக்குள் எழுதிவைப்பதும் கூடாது. கோப்பில் உள்ள எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் சாதாரணக் கருவி போதும், சாவி வெளியே வந்துவிடும். இதற்கு நான் பரிந்துரைப்பது இடையில் ஒரு கணினி. கன்சோல் அந்தக் கணினியோடு மட்டும் பேசட்டும்; சாவியை வைத்திருப்பதும், வெளியே எச்டிடிபிஎஸ்ஸில் பேசுவதும், சேவை அனுப்பும் நீளமான ஜேசன் (தரவை எழுத்தாக அடுக்கும் வடிவம்) பதிலிலிருந்து தேவையான ஒரே வரியைப் பிரித்துக் கன்சோலுக்குக் கொடுப்பதும் கணினியின் வேலை. பைத்தானில் சில வரிகளில் முடியும். கேட்கிற முகவரியையெல்லாம் எடுத்துக் கொடுக்கும்படி மட்டும் அதை எழுதாதீர்கள். அனுமதிக்கும் முகவரிகளை அதிலேயே குறித்துவைத்து, உள் நெட்வொர்க்கிலிருந்து வரும் ரிக்வெஸ்டுக்கு மட்டும் பதில் சொல்ல வையுங்கள்.