டிவிஷன்: அடுக்கா, பிரிவா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் (நாம் அறிந்த கால்பந்து அன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் ஆட்டம்) பற்றித் தமிழில் எழுத உட்காருபவரை முதலில் தடுமாறச் செய்யும் சொல் 'டிவிஷன்'. ஒரு செய்தியில் 'டிவிஷன் த்ரீ போட்டிகள் கைவிடப்பட்டன' என்று வரும். அடுத்த செய்தியிலேயே 'இந்த ஆண்டு டிவிஷன்கள் இல்லாமல் போட்டி நடக்கும்' என்று வரும். இரண்டையும் 'பிரிவு' என்று பெயர்த்துவிட்டால், எது கைவிடப்பட்டது, எது கலைக்கப்பட்டது என்பது வாசகருக்கு விளங்காது. முதல் செய்தியில் அந்தச் சொல் கல்லூரிகளை மேலும் கீழுமாக வைக்கும் ஏற்பாட்டைக் குறிக்கிறது. இரண்டாவதில், ஒரே நிலையில் இருக்கும் அணிகளைப் பக்கம் பக்கமாக இரண்டாகப் பகுக்கும் ஏற்பாட்டைக் குறிக்கிறது. 2020ஆம் ஆண்டின் கொரோனா பெருந்தொற்று இவ்விரண்டையும் வெவ்வேறு விதமாகக் குலைத்தது. ஆகவே அந்தப் பருவத்தைத் தமிழில் சரியாகச் சொல்ல இரண்டு சொற்கள் வேண்டும் என்பதே இங்கு நான் வைக்கும் கருத்து.

சொல்லின் வேர் லத்தீன். பகுத்தல், கூறாக்குதல் என்ற பொருளுடைய 'டிவிடெரே' என்னும் வினையிலிருந்து 'டிவிசியோ' என்ற பெயர் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த லத்தீன் வினையின் உள்ளே இருக்கும் வேர், 'பிரிந்து தனித்திருத்தல்' என்ற பொருளுடையது என்றும், கைம்பெண்ணைக் குறிக்கும் லத்தீன், சமஸ்கிருதச் சொற்களும் அதே வேரைச் சார்ந்தவை என்றும் மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறெனில், சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த 'விதவை'யும் ஆங்கிலத்தின் 'டிவிஷன்' என்ற சொல்லும் தூரத்து உறவினர் ஆகின்றன.

தமிழ்நாட்டில் இச்சொல் ஏற்கெனவே பல வேடங்களில் புழங்குகிறது. கணக்கில் அது வகுத்தல், ரயில்வேயிலும் வருவாய்த் துறையிலும் கோட்டம், இராணுவத்தில் படைப்பிரிவு. விளையாட்டிலோ நாம் அதை மொழிபெயர்க்காமலே வைத்துக்கொண்டோம். சென்னையின் கிரிக்கெட் லீக் ஆட்டங்களைத் தொடர்பவர்கள் 'முதல் டிவிஷன்', 'இரண்டாம் டிவிஷன்' என்றுதான் சொல்வார்கள். அங்கு அதன் பொருள் ஐயமற்றது: வென்றால் மேலே ஏறலாம், தோற்றால் கீழே இறங்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அப்படி ஏறி இறங்கும் வழக்கம் கிடையாது. எந்த நிலையில் ஆடுவது என்பதைக் கல்லூரியே, தன் வசதிக்கும் கொள்கைக்கும் ஏற்ப முடிவு செய்துகொள்கிறது.

கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. என்னும் தேசிய அமைப்பு 1973இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்றாக வகுத்தது. முதல் டிவிஷனில் உதவித்தொகையும் செலவும் மிகுதி. இரண்டாவதில் அவை குறைவு. மூன்றாவதில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. 1978இல் கால்பந்துக்காக மட்டும் முதல் டிவிஷன் மீண்டும் இரண்டாக உடைந்தது. அவ்விரண்டில் மேலது எஃப்.பி.எஸ். (ஃபுட்பால் பவுல் சப்டிவிஷன்) என்றும், அதற்கு அடுத்தது எஃப்.சி.எஸ். (ஃபுட்பால் சாம்பியன்ஷிப் சப்டிவிஷன்) என்றும் 2006 முதல் அழைக்கப்படுகின்றன. இந்தப் பொருளுக்கு 'அடுக்கு' என்ற சொல்லையே நான் தேர்ந்தெடுப்பேன். 'வகுப்பு' என்பது வேரின் பொருளுக்கு நெருக்கமானதுதான். ஆனால் 'கல்லூரியின் மூன்றாம் வகுப்பு அணி' என்று எழுதினால் மாணவர் படிக்கும் வகுப்பென்றே படிக்கத் தோன்றும். 'தரநிலை' என்றால், மூன்றாம் டிவிஷன் கல்லூரி தரம் குறைந்தது என்ற தவறான எண்ணம் எழும். அவற்றுள் பல, கல்வியில் மிக உயர்ந்த நிலையில் உள்ளவை.

மற்றொரு பொருளைப் புரிந்துகொள்ள, 'கான்ஃபரன்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு இதைத் தயங்காமல் 'மாநாடு' என்று பெயர்த்துவிடுகிறது. அது தவறு என்றாலும், வரலாற்றில் அதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1895 சனவரி 11 அன்று, பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட்டின் அழைப்பின்பேரில், ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் விடுதியில் கூடி, யார் யார் கல்லூரி அணியில் ஆடத் தகுதியுடையவர் என்று கலந்தாலோசித்தார்கள். அடுத்த ஆண்டு அப்பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பிரதிநிதிகள் கூடி அமைத்த நிலையான சங்கமே பின்னாளில் 'பிக் டென்' ஆயிற்று. கூட்டத்தின் பெயரே கூடியவர்களின் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே, தமக்குள் ஆண்டுதோறும் ஆடும் கல்லூரிகளின் குழு என்ற இன்றைய பொருளுக்குக் 'கூட்டமைப்பு' என்பதே பொருந்தும்.

கூட்டமைப்புகள் நெடுங்காலம் பகுக்கப்படாமல்தான் இருந்தன. பன்னிரண்டு அணிகளுக்குக் குறையாத கூட்டமைப்பு இரண்டாகப் பிரிந்து ஆடினால், இரு பக்கத்திலும் முதலிடம் பெற்ற அணிகளிடையே ஓர் இறுதி ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதி இடம் கொடுத்தது. அதை முதல் அடுக்கில் முதன்முதலாகப் பயன்படுத்தியது எஸ்.இ.சி. என்னும் தென்கிழக்குக் கூட்டமைப்பு. அது ஆர்கன்சா, தென் கரோலினா பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொண்டு, 1992இல் கிழக்கு, மேற்கு என்று பிரிந்தது. தொலைக்காட்சியும் நுழைவுச்சீட்டும் தந்த வருவாயைக் கண்டு மற்றவர்களும் அவ்வழியே சென்றார்கள். திசைப்பெயர்கள் நிலப்படத்துக்கு ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயம்கூட இருக்கவில்லை: 2012இல் சேர்ந்த மிசௌரி கிழக்கில் வைக்கப்பட்டது; அதற்கு வெகு கிழக்கே இருக்கும் ஆபர்ன் மேற்கில் ஆடியது.

இந்தப் பொருளுக்குப் 'பிரிவு' என்ற தமிழ்ச் சொல் மிக நன்றாகப் பொருந்துகிறது. பகுதி என்ற பொருளோடு, ஒருவரை ஒருவர் நீங்கியிருத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிதல் அல்லவா? அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பில் அதுவேதான் நடந்தது. வட கரோலினா பல்கலைக்கழகமும் வேக் ஃபாரஸ்டும் ஒரே மாநிலத்தின் பழைய எதிரணிகள். ஆயினும் ஒன்று 'கோஸ்டல்' பிரிவிலும் மற்றொன்று 'அட்லாண்டிக்' பிரிவிலும் வைக்கப்பட்டன. தன் பிரிவின் ஆறு அணிகளோடும், எதிர்ப் பிரிவில் நிலையான ஓர் அணியோடும் ஆண்டுதோறும் ஆட வேண்டியிருந்ததால், எதிர்ப் பிரிவின் மற்ற அணிகளுக்கு ஆண்டுக்கு ஒரே இடம்தான் மிஞ்சியது; அதன்படி ஒவ்வொன்றையும் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே சந்திக்க முடிந்தது. பொறுக்கமாட்டாத இவ்விரு கல்லூரிகளும், ஒரே கூட்டமைப்பில் இருந்துகொண்டே, 2019இலும் 2021இலும் கூட்டமைப்புக் கணக்கில் சேராத ஆட்டங்களாகத் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டு மோதின. இடைப்பட்ட 2020இல் மட்டும் அவை முறையான கூட்டமைப்பு ஆட்டமாகவே மோதி, வட கரோலினா 59-53 என்று வென்றது. அந்த ஆண்டு பிரிவுகள் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

பெருந்தொற்று கல்லூரிக் கால்பந்துக்குப் புதிதன்று. 1918இன் இன்ஃபுளுவென்சாவும் முதல் உலகப் போரும் சேர்ந்து அந்தப் பருவத்தைச் சுருக்கின. மிச்சிகனும் பிட்ஸ்பர்கும் தலைக்கு ஐந்து ஆட்டங்களே ஆடின. ஆனால் அன்று அடுக்கும் இல்லை, பிரிவும் இல்லை. ஆகவே குலைந்தது ஆட்ட அட்டவணை மட்டுமே.

2020இல் முதலில் சரிந்தவை அடுக்குகள். ஆகஸ்ட் 5 அன்று இரண்டாம், மூன்றாம் அடுக்குகளின் இலையுதிர்காலத் தேசியப் போட்டிகள் கைவிடப்பட்டன. அடுத்த வாரமே எஃப்.சி.எஸ். போட்டியும் இலையுதிர்காலத்தை இழந்தது. 24 அணிகளுக்குப் பதில் 16 அணிகளோடு மறு வசந்தத்தில் அது நடந்து, 2021 மே 16 அன்று டெக்சஸின் ஃபிரிஸ்கோ நகரில் சாம் ஹியூஸ்டன் அணி தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தை 23-21 என்று வென்றதோடு முடிந்தது. எஃப்.பி.எஸ். மட்டும் இலையுதிர்காலத்திலேயே ஆடியது. அதன் 130 அணிகளில் மூன்று மட்டுமே அப்போது களமிறங்கவில்லை. எஃப்.பி.எஸ். மட்டும் ஆடியதற்குக் காரணம் மருத்துவமன்று, அதிகார அமைப்பு. மற்ற அடுக்குகளின் இறுதிப் போட்டிகளை என்.சி.ஏ.ஏ. நடத்துகிறது, எஃப்.பி.எஸ்.ஸின் பட்டப் போட்டியை நடத்துவது கூட்டமைப்புகளே. 'முதல் டிவிஷன்' என்று ஒரே பெயர் தாங்கி நின்றவை உண்மையில் இரண்டு அடுக்குகள் என்பது அந்த ஆகஸ்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கூட்டமைப்புகளும் ஒரே முடிவுக்கு வரவில்லை. பிக் டென்னும் பசிபிக்-12உம் ஆகஸ்ட் 11 அன்று பருவத்தை ஒத்திவைத்து, செப்டம்பரில் அன்றாடப் பரிசோதனைக்கு வழி பிறந்ததும் முடிவை மாற்றிக்கொண்டன; தென்கிழக்கோ செப்டம்பர் 26 அன்றே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது.

பிரிவுகளின் கதை இதனினும் நுட்பமானது. அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பு தன் இரு பிரிவுகளையும் அந்த ஒரு பருவத்துக்குக் கலைத்தது. எக்கூட்டமைப்பிலும் சேராமல் தனித்தே கால்பந்து ஆடிவந்த நோட்ர டாம், எதிரணிகள் பலவும் தத்தம் கூட்டமைப்புக்குள் ஒடுங்கிவிட்டதால் ஆட ஆளின்றி நின்றது. அதையும் சேர்த்துக்கொண்டு, பதினைந்து அணிகளும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டன. வெற்றி விகிதத்தில் முதலிரு இடம் பெறும் அணிகள் இறுதி ஆட்டம் ஆடும் என்றாயிற்று. நோட்ர டாமும் கிளெம்சனும் அவ்விடங்களைப் பெற்றன. டிசம்பர் 19 அன்று கிளெம்சன் 34-10 என்று வென்றது.

பிரிவுகளை வைத்துக்கொண்டவர்களின் பாடு பெரும்பாடு. பசிபிக்-12இன் வடக்குப் பிரிவில் வாஷிங்டன் நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்று முதலிடம் பெற்றது. ஆரெகன் ஐந்தில் மூன்றை வென்று அதற்கு அடுத்து நின்றது. இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதவிருந்த டிசம்பர் 12 ஆட்டம், வாஷிங்டன் முகாமில் தொற்று பரவியதால் நடக்கவில்லை. அந்தக் கூட்டமைப்பின் விதிப்படி, உதவித்தொகை பெறும் வீரர் 53 பேரும், அவர்களுள் இன்ன இடத்துக்கு இத்தனை பேர் என்ற குறைந்த அளவும் இருந்தால்தான் ஓர் அணி களமிறங்க வேண்டும். அந்த அளவுக்கு வீரர்களைத் திரட்ட முடியாத வாஷிங்டன் இறுதி ஆட்டத்திலிருந்தும் விலகியது. அதன் இடத்தில் சென்ற ஆரெகன், லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியத்தில் அதுவரை தோல்வியே காணாத சதர்ன் கலிஃபோர்னியாவை 31-24 என்று வென்று பட்டத்தை எடுத்துச் சென்றது. தன் பிரிவில் முதலிடம் பெறாத அணி கூட்டமைப்பின் பட்டத்தைப் பெற்றது! 'பிரிவில் முதலிடம் பெற்ற அணி' என்பதும் 'பிரிவின் சார்பில் ஆடிய அணி' என்பதும் வேறு வேறு என்று எழுத்தாளர் கவனமாக எழுத வேண்டிய இடம் இது.

பிக் டென்னில் சிக்கல் வேறு வகையானது. இறுதி ஆட்டத்துக்குச் செல்ல ஆறு ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று அக்கூட்டமைப்பு விதித்திருந்தது. கிழக்குப் பிரிவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மூன்று ஆட்டங்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. மூன்றாவது, மிச்சிகனுடனான அதன் ஆண்டு மோதல். ஆடிய ஐந்தையும் வென்றிருந்தும் ஒஹையோவுக்குத் தகுதி இல்லை. அதனிடம் தோற்ற இந்தியானாவுக்கே அந்த இடம் போயிருக்கும். டிசம்பர் 9 அன்று கூட்டமைப்பு அந்த விதியை நீக்கியது. ஒஹையோ இறுதியில் நார்த்வெஸ்டர்னை 22-10 என்று வென்று, தேசிய இறுதிவரை சென்று அலபாமாவிடம் தோற்றது. பருவத்தின் நடுவே விதியை மாற்றியது முறையா என்ற வாதம் அன்றே எழுந்தது. தோல்வியே காணாத அணியை அது வெல்லாத ஆட்டங்களுக்காக அல்ல, நடக்காத ஆட்டங்களுக்காக விலக்குவது பொருந்தாது என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும் இந்தியானா மாணவர்களின் ஆற்றாமையும் நியாயமானதே.

அடுத்த ஆண்டே பழைய பிரிவுகள் திரும்பின. ஆனால் நிலைக்கவில்லை. 2022 மே மாதம், இறுதி ஆட்டத்துக்குப் பிரிவுகள் கட்டாயம் என்ற விதியை என்.சி.ஏ.ஏ. நீக்கியதும், பசிபிக்-12 உடனடியாக அவற்றைக் கைவிட்டது. 2023இல் அட்லாண்டிக் கோஸ்டும், 2024இல் பிக் டென்னும் தென்கிழக்கும் கைவிட்டன. இதற்கெல்லாம் பெருந்தொற்றே காரணம் என்பது மிகையாகும். உறுப்பினர் பெருகியதும், சிறந்த இரு அணிகளையே இறுதியில் காண வேண்டும் என்ற விருப்பமும் வலுவான காரணங்கள். பிரிவுகள் இல்லாமலும் ஒரு பெரிய கூட்டமைப்பு இயங்க முடியும் என்பதை மட்டும் 2020 கண்முன் காட்டியது.

எழுதும்போது இவ்வாறு கையாளலாம். எண்ணோடு வரும் டிவிஷனை 'முதல் அடுக்கு', 'மூன்றாம் அடுக்கு' என்றும், திசையோடோ பெயரோடோ வரும் டிவிஷனைக் 'கிழக்குப் பிரிவு', 'கோஸ்டல் பிரிவு' என்றும் எழுதலாம். அணிகளைப் பிரிவுகளில் அமைக்கும் முறையைப் 'பிரிவு அமைப்பு' என்றும், ஒரு கூட்டமைப்பை விட்டு மற்றொன்றுக்குக் கல்லூரிகள் பெயர்வதைக் 'கூட்டமைப்பு மாற்றம்' என்றும் குறிக்கலாம். அடுக்கைப் பற்றிய செய்தியில் 'கைவிடப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது' என்ற வினைகள் பொருந்தும். பிரிவுக்குக் 'கலைக்கப்பட்டது' என்பதே சரி. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் எஃப்.பி.எஸ். அடுக்கில் பிரிவுகளை விடாமல் வைத்திருந்தது சன் பெல்ட் கூட்டமைப்பு ஒன்றே. அதன் கிழக்கையும் மேற்கையும் பற்றி எழுதும்போது 'பிரிவு' என்ற சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது.