ஹைபிரிட் வேலை: கலப்பா, முறையா?

ஐடி வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் எதை எடுத்தாலும் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'ஹைபிரிட்' என்று ஒரு சொல் நிற்கிறது. வாரத்தில் சில நாள் ஆபீஸ், மீதி நாள் வீடு, அவ்வளவுதான் பொருள். ஐந்து ஆறு வருடத்துக்கு முன்னால் இதே சொல்லைக் கேட்டால் நமக்குத் தக்காளியோ காரோதான் நினைவுக்கு வந்திருக்கும். இப்போது செய்திகளிலும் மொழிபெயர்ப்புச் செயலிகளிலும் இது 'கலப்பின வேலை', 'கலப்பு வேலை', 'கலவைப் பணி' என்று பல வேஷத்தில் வருகிறது. மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்ல, சொல் பிறந்த இடத்துக்குக் கொஞ்சம் போய் வர வேண்டும்.

பிறந்த இடம் பன்றிக்கொட்டில். லத்தீனில் 'ஹிப்ரிடா' என்றால் வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டி. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர் மூத்த பிளினி, பன்றியைப் போல் காட்டு இனத்தோடு எளிதாகச் சேரும் விலங்கு வேறில்லை, அப்படிப் பிறந்ததை 'அரைக்காட்டு' உயிர் என்ற கருத்தில் பழையவர்கள் இந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயர் மனிதருக்கும் வந்தது என்றும் அவரே சொல்கிறார்: கி.மு. 63-இல் சிசரோவோடு சேர்ந்து கான்சல் என்ற உச்சப் பதவியில் இருந்த காயஸ் அன்டோனியஸுக்கு 'ஹிப்ரிடா' பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. ரோமானியருக்கும் வெளியாளுக்கும் பிறந்த பிள்ளையையும் அப்படித்தான் சொன்னார்கள், பாராட்டாக அல்ல. ஆங்கிலத்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் வந்து, செடிகொடி, கால்நடை ஆராய்ச்சியில் புழங்கி மரியாதை சம்பாதித்து, அப்புறம்தான் இயந்திரத்துக்கும் வேலைக்கும் போனது. மனிதவளத் துறை இன்று பெருமையாக எழுதும் சொல்லுக்கு வேர் அரைக்காட்டுப் பன்றிக்குட்டி என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

தமிழில் இந்தப் பொருளுக்குச் சொல் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. கோவலன் கடலாடப் போகும்போது ஏறிப்போன அத்திரி, அதாவது கோவேறு கழுதை, கலப்பு உயிர்தான். மாட்டுக்குக் கலப்பின மாடு (பால்காரர் கேட்டால் 'கிராஸ்' என்பார்). விதைக்கு வேளாண் துறை 'வீரிய ஒட்டு ரகம்' என்று எழுதும். அந்தச் சொல்லில் பாதி அழகு, பாதி குழப்பம். இரண்டு ரகத்தைக் கலந்தால் முதல் தலைமுறை பெற்றோரை விட வாளிப்பாக வரும் என்ற அறிவியலை 'வீரியம்' ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. ஆனால் 'ஒட்டு' என்பது மாமரத்தில் கிளையை ஒட்டுவதற்கான பெயர், மகரந்தம் சேர்ப்பது வேறு வேலை. சந்தையில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, நாட்டுத் தக்காளி, ஹைபிரிட் தக்காளி என்றே கேட்டு வாங்குகிறோம்.

இவை எல்லாவற்றிலும் இரண்டு சேர்ந்து ஒன்றாகி, பிரிக்க முடியாததாக ஆகிறது. கலப்பின மாட்டைப் பார்த்து இந்தக் கால் சிந்தி, அந்தக் கால் ஜெர்சி என்று சொல்ல முடியாது. 1997 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ் காரிலும், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் ஒரே சக்கரத்தைச் சேர்ந்தும் சுற்றும், தனித்தும் சுற்றும். அதுவும் கலப்புதான், மறுக்கவில்லை.

வேலைக்கு வருவோம். திங்கள் வீடு, செவ்வாய் ஆபீஸ், புதன் ஆபீஸ், வியாழன் ஆபீஸ், வெள்ளி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எது எதோடு கலந்தது? செவ்வாய்க்கிழமை முழுக்க ஆபீஸ், வெள்ளிக்கிழமை முழுக்க வீடு. ஒன்று போய் இன்னொன்று வருகிறது, அப்புறம் முதலாவது திரும்ப வருகிறது. இதற்குத் தமிழில் காலங்காலமாக ஒரு சொல் உண்டு: முறை. 'கலப்பின வேலை'யில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. 'இனம்' உயிருக்கானது, வேலைக்கு ஏது இனம்? 'கலப்பு' என்றதும் நம் காதில் கலப்படமும் கலப்புத் திருமணமும் முன்னால் வந்து நிற்கும், அது வேறு விவகாரம்.

சொல்லில் என்ன இருக்கிறது, விஷயம் புரிந்தால் போதாதா என்பவர்களுக்கு: இங்கே சொல் விஷயத்தையே கோணலாக்குகிறது. ஹைபிரிட் என்றால் கலவை என்று எடுத்துக்கொண்ட நிறுவனங்களில் ஆளாளுக்கு இஷ்டப்பட்ட நாளில் வருகிறார்கள். எட்டுப் பேர் குழுவில் மூன்று பேர் ஆபீஸில், ஐந்து பேர் வீட்டில், அதனால் ஆபீஸுக்கு வந்த மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ பணிக்காக வைத்திருக்கும் தடுப்புகளைத் தாண்டி சிறுசேரி வரை போனது இதற்குத்தானா என்று கேட்கத் தோன்றும். முறை என்று எடுத்துக்கொண்டால் கேள்வியே மாறிவிடும்: யார் முறை, எந்த நாள், அந்த நாளில் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை எது?

முறை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. டிரிப்.காம் என்ற சீனப் பயண நிறுவனத்தில், 2021-22இல் ஆறு மாதம், 1,612 பட்டதாரி ஊழியர்களை வைத்துச் செய்தார்கள். பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றார்கள், மற்ற பாதி ஐந்து நாளும் ஆபீஸ். பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் 2024-இல் வெளியிட்ட முடிவு: வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வேலைத் தரத்திலும் பதவி உயர்விலும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சோதனைக்கு முன்னால் உற்பத்தி குறையும் என்று நினைத்த மேலாளர்கள், முடிந்த பிறகு கூடும் பக்கம் சாய்ந்தார்கள். நான் கவனித்தது வேறு: எந்தெந்த நாள் வீடு என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி, முன்கூட்டியே தெரியும். மற்ற மூன்று நாளும் போனால் ஆள் இருப்பார்கள்.

வரலாறு சுருக்கமாக. ஆபீஸுக்குப் போகாமல் வேலை பார்ப்பதற்கு 1973-இல் ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு பெயர் வைத்தார், 'டெலிகம்யூட்டிங்'. சாலை நெரிசலையும் எரிபொருளையும் மிச்சம் பிடிப்பதுதான் அவர் கணக்கு. இந்தியாவில் அது பெரிதாக எடுபட 2020 மார்ச் ஊரடங்கு தேவைப்பட்டது. அப்போதுகூடச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கும் நிறுவனங்களுக்கு இது சட்டச் சிக்கல், ஏனென்றால் வரிச்சலுகையே அந்த வளாகத்துக்குள் நடக்கும் வேலைக்குத்தான். 2022 ஜூலையில் வணிக அமைச்சகம் 43ஏ என்ற விதியைக் கொண்டுவந்து, பாதி ஊழியர் வரை ஓராண்டுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது, பிறகு அதைத் தளர்த்தியது. டிசிஎஸ் 2020-இல், 2025 வந்தால் எந்த நேரத்திலும் 25 சதவீதம் பேர் ஆபீஸில் இருந்தாலே போதும் என்று அறிவித்தது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் ஐந்து நாளும் வரச் சொன்னது. கூகுள் 2022 ஏப்ரலில் வாரம் மூன்று நாள் என்றது. அமேசான் மூன்று நாளில் ஆரம்பித்து 2025 ஜனவரியில் ஐந்துக்குப் போய்விட்டது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு மாதம் 10 நாள் என்று கணக்கு வைத்தது.

வாரம் மூன்று, மாதம் பத்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றல்ல. மாதக் கணக்கில் பத்து நாளையும் அடுத்தடுத்து முடித்துவிட்டு மீதி நாளை மதுரையிலோ நாகர்கோவிலிலோ அப்பா அம்மாவோடு இருந்து வேலை பார்க்கலாம். வாரக் கணக்கு சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை வீட்டை விட விடாது. சம்பளத்துக்குச் சமமாக இதைப் பேரம் பேச வேண்டும், ஆனால் பலர் ஆஃபர் லெட்டர் வாங்கும்போது 'ஹைபிரிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். எத்தனை நாள், யார் முடிவு செய்வது, பண்டிகை விடுமுறை வந்த வாரத்தில் கணக்கு குறையுமா என்று எழுத்தில் கேட்பது நல்லது.

ஆபீஸ் என்ற பாதிக்கு நம்மிடம் பெயர் பஞ்சம் இல்லை. 'அலுவலகம்' என்பதில் அகம் இருக்கிறது, 'பணிமனை'யில் மனை இருக்கிறது, இரண்டுமே வீடு. (பணிமனையைப் பேருந்துக் கழகம் எடுத்துக்கொண்டுவிட்டது, அதை ஐடி நிறுவனத்துக்குச் சொன்னால் டிப்போவா என்பார்கள்.) அந்தக் காலத்தில் தாலுக்கா கச்சேரி என்றார்கள், அது இந்துஸ்தானி வழி வந்தது. இலங்கையில் 'கந்தோர்' என்பார்கள், டச்சுக்காரர் விட்டுப்போன 'கன்டோர்', அதற்கும் பின்னால் போனால் பிரெஞ்சில் பணம் எண்ணும் மேசை. இன்னொரு பாதியான 'ரிமோட்'டுக்குத் தொலைப்பணி என்று சிலர் எழுதுகிறார்கள். இலக்கணப்படி தவறில்லை, தொலைபேசி மாதிரிதான். ஆனால் ஆள்குறைப்பு நடக்கும் காலத்தில் தொலைப்பணி என்றால் தொலைந்த பணி என்று காதில் விழுகிறது. வீட்டுப்பணி என்றால் பாத்திரம் தேய்ப்பது. அதனால் 'வீட்டிலிருந்து வேலை' என்று நீட்டிச் சொல்வதே தேவலை.

சரி, ஹைபிரிட் வேலைக்கு நான் சொல்வது 'ஈரிடப் பணி'. இரண்டு என்பது உயிரெழுத்துக்கு முன்னால் ஈர் ஆகும், ஈராண்டு, ஈருருளி போல. இரண்டு இடத்தில் செய்யும் ஒரே பணி என்று நேராகப் பொருள் தரும், கலப்படமும் இல்லை, பன்றியும் இல்லை. பேச்சில் 'ரெண்டு இடத்து வேலை' என்றாலும் கெட்டுப்போகாது.

நாள்களைப் பிரிக்கும் ஏற்பாட்டுக்கு 'முறை'. வைகைப் பாசனப் பகுதியில் அணை திறக்கும் அறிவிப்பைப் படித்தவர்களுக்கு இது தெரியும்: முதல் 45 நாள் முழு அளவில், அடுத்த 75 நாள் முறைப்பாசனத்தில் என்று வரும். இருக்கிற தண்ணீரை எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது, அதனால் இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள், முறையை மீறி மடையைத் திறந்தால் ஊரில் சண்டை வரும். ஆயிரம் பேருக்கு அறுநூறு மேசை போட்டிருக்கிற நிறுவனம் செய்வதும் இதைத்தான். ஆபீஸில் இதை 'ரோஸ்டர்' என்கிறார்கள். அதுவும் டச்சு, இறைச்சி சுடும் கம்பி வலைக்கான பெயர், கோடு போட்ட அட்டவணை அந்த வலை மாதிரி இருந்ததால் வந்தது. நமக்கு முறைப்பட்டியல் போதும். நான் ஆபீஸ் போக வேண்டிய நாள் என் முறைநாள். குழு முழுக்கச் சேர்ந்து வரும் நாளுக்கு ஆங்கிலத்தில் நங்கூரத்தை வைத்து 'ஆங்கர் டே' என்று பெயர் சொல்கிறார்கள், தமிழில் 'கூடுநாள்' என்றால் விளக்கமே வேண்டாம்.

மாற்றிக்கொள்ளும் வசதியைச் சிங்கப்பூர்த் தமிழர் 'நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு' என்று எழுதுகிறார்கள். 2024 டிசம்பர் முதல் அங்கே ஊழியர் அப்படிக் கேட்டால் முதலாளி முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்று வழிகாட்டுதலே இருக்கிறது. நீக்குப்போக்கு என்பது பாட்டிமார் வாயில் புழங்கிய சொல், 'நெகிழ்வுத்தன்மை'யைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம். அதேபோல, ஆபீஸுக்கு வந்து அட்டையைத் தேய்த்து, ஒரு காபி குடித்து, கேன்டீனில் இரண்டு பேரிடம் சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவதற்கு ஆங்கிலத்தில் 'காபி பேட்ஜிங்' என்று புதுசாகப் பெயர் கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் பேருக்குப் போய் வருவதை நாம் அன்றிலிருந்தே 'தலைகாட்டிவிட்டு வந்தேன்' என்றுதானே சொல்கிறோம்? தலைகாட்டல். சில நிறுவனங்கள் இதைத் தடுக்க உள்ளே இருந்த மணிநேரத்தையும் எண்ண ஆரம்பித்திருக்கின்றன. அது முறை வைத்தவர்களின் தோல்வி என்றுதான் நான் சொல்வேன், கூடுநாளில் கூடிச் செய்ய வேலை இருந்தால் யாரும் காபியோடு கிளம்பமாட்டார்கள்.

மேலாளருக்கு எழுதும்போது இப்படி வரும்: "இந்த வாரம் என் முறைநாள் செவ்வாய், புதன், வியாழன். வியாழன் கூடுநாள் என்பதால் வடிவமைப்புக் கூட்டத்தை அன்றைக்கு வைக்கலாம். வெள்ளி வீட்டிலிருந்து வேலை." படிக்கிறவருக்கு எங்கேயும் தடுக்காது. தனக்கென்று மேசை இல்லாமல், காலியாக இருப்பதில் உட்காரும் 'ஹாட் டெஸ்க்' முறைக்கு மட்டும் எனக்கு இன்னும் திருப்தியான சொல் கிடைக்கவில்லை. கப்பலில் ஒரு மாலுமி எழுந்து போனதும் சூடு ஆறும் முன் அடுத்தவர் வந்து படுக்கும் படுக்கையிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். 'பொதுமேசை' என்று எழுதிப் பார்த்தேன், நூலகம் மாதிரி இருக்கிறது. உங்களிடம் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.