வட்டமா, பட்டையா, கோடா?

உயர்நிலை 2 படிக்கும் அண்ணன் மகள் பள்ளித் திட்டப்பணியோடு வந்து உட்கார்ந்தாள். தலைப்பு, சிங்கப்பூர் மழையும் வெப்பமும். பன்னிரண்டு மாத மழையளவையும் பன்னிரண்டு வண்ணத் துண்டுகளாக்கி வட்டப்படம் போட்டிருந்தாள்.

“அழகா இருக்குல்ல சித்தப்பா?”

அழகுதான். “எந்த மாசம் ஆகக் குறைவா மழை?” என்று கேட்டேன். திரையில் மூக்கு உரசப் பார்த்துவிட்டு “ஜூன்?” என்றாள். பிப்ரவரி!

கோணங்களை ஒப்பிடுவதில் நம் கண் கொஞ்சம் மந்தம். ஒரே தரையில் வரிசையாக நிற்பவற்றின் உயரத்தை மட்டும் நொடியில் எடைபோட்டுவிடும். கிளீவ்லண்ட், மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984ல் ஆட்களை வைத்தே இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதற்காக வட்டப்படத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சீனர்கள் 74.3 விழுக்காடு; வட்டத்தில் போட்டால் ‘நாலில் மூணு பங்கு’ என்று பளிச்செனத் தெரியும். ஆனால் மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. முன்னது பின்னதைப் போல ஒன்றரை மடங்கு என்பதை அந்தத் துண்டுகளைப் பார்த்து யார் சொல்வார்?

மழைக்குப் பட்டைதான் சரி. மழைமானியில் தண்ணீர் சுழியத்திலிருந்து ஏறுவதுபோலவே பட்டையும் ஏறுகிறது. பிப்ரவரிக்குச் சுமார் 105 மில்லிமீட்டர், டிசம்பருக்கு 330 என்றால் மும்மடங்கு உயரம். அடியை வெட்டினால் பொய்யாகிவிடும். எங்கள் வீட்டு மின்பயன்பாடு ஒரு மாதம் 380 யூனிட், அடுத்த மாதம் 400. அச்சை 360ல் தொடங்கினால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல இருமடங்கு நிற்கும். ஏறியதோ ஐந்து விழுக்காடுதான்.

வெப்பநிலைக்குக் கோடு; அதற்கு இந்தச் சட்டம் செல்லாது. நம்மூர் மாதச் சராசரி 27 டிகிரியை ஒட்டித் தொடங்கி, மே மாதம் 28.6 வரை போகும், அவ்வளவே. சுழியத்திலிருந்து வரைந்தால் தட்டையான கோடுதான் மிஞ்சும். கோட்டில் நாம் பார்ப்பது உயரத்தை அல்ல, ஏற்ற இறக்கத்தை. ஆகவே 26ல் தொடங்கலாம். சுழியம் டிகிரி என்றால் வெப்பமே இல்லை என்றும் பொருளில்லையே.

கோடும் பட்டையும் ஒரே புத்தகத்தில் பிறந்தவை. 1786ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நாடுகளின் வணிகத்தைக் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஓராண்டுக் கணக்குதான் கிடைத்தது. ஓராண்டை வைத்துக் கோடு இழுக்க முடியாதே! வேறு வழியில்லாமல் பட்டை வரைந்தார். வட்டப்படமும் அவர் கைவரிசையே, 1801ல்.

மழையைப் பட்டையாகவும் வெப்பத்தைக் கோடாகவும் மாற்றி முடித்தவள், மே மாத மேட்டில் விரலை வைத்தாள். “அப்போதான் நம்ம வீட்டு ஏர்கான் ராத்திரி பூரா ஓடுச்சு. கரண்ட் பில்லும் அதனாலதான் ஏறுச்சா?”

அது வேறு கேள்வி, படமும் வேறு: கீழே வெப்பம், பக்கத்தில் யூனிட், மாதத்துக்கு ஒரு புள்ளி. பழைய பில்களைத் தேடி அலமாரியைத் திறந்தாள்.